தேதியும் திசையும்: தென்னாப்பிரிக்கப் பொதுவிடுமுறைகளை ஒட்டிய பயணத் திட்டம் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்படுவோர் பருவநிலையைப் பார்க்கிறார்கள், விமானக் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். அந்நாட்டின் பொதுவிடுமுறைப் பட்டியலைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் வங்கியும் அலுவலகமும் என்றைக்கு மூடியிருக்கும் என்று தெரிந்துகொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து இன்னொன்றையும் படித்தறியலாம். ஒவ்வொரு விடுமுறைக்கும் மக்கள் கூட்டமாக நகரும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசையை அறிந்தவருக்கே தேதி பயன்படும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. சட்டம் வகுத்த பட்டியல்

இன்றைய பட்டியலுக்கு அடிப்படை 1994-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் பொதுவிடுமுறைச் சட்டம். நிறவெறி ஆட்சிக் காலத்துப் பட்டியலில் இருந்த வான் ரீபெக் நாள், குடியரசு நாள், க்ரூகர் நாள் ஆகியவை நீக்கப்பட்டன. மனித உரிமை நாள் (மார்ச் 21), விடுதலை நாள் (ஏப்ரல் 27), இளைஞர் நாள் (ஜூன் 16), மகளிர் நாள் (ஆகஸ்ட் 9), மரபு நாள் (செப்டம்பர் 24), நல்லிணக்க நாள் (டிசம்பர் 16) ஆகியவை இடம்பெற்றன. புத்தாண்டு, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்களான குடும்ப நாள், மே தினம், கிறிஸ்துமஸ், அதன் மறுநாளான நல்லெண்ண நாள் ஆகியவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு.

பயணக் கணக்குக்கு வேண்டிய விதி ஒன்றுதான். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்களும் விடுமுறை. சனிக்கிழமையில் வந்தால் ஈடு கிடையாது. மார்ச் 21 சனிக்கிழமையாக அமையும் 2026-இல் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மனித உரிமை நாளால் ஆதாயம் ஏதுமில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 9 ஞாயிறு. ஆகவே திங்கள் கூடுதலாகக் கிடைக்கிறது. ஈஸ்டரும் சில ஆண்டுகளில் விளையாடும். 2008-இல் மார்ச் 21 அன்றே புனித வெள்ளியும் வந்து, இரண்டு விடுமுறை ஒன்றாகிவிட்டது.

இந்தப் பட்டியலோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. குடியரசுத் தலைவர் தனி அறிவிப்பால் கூடுதல் நாள் தரலாம். 2022-இல் கிறிஸ்துமஸ் ஞாயிறன்று வந்து, திங்கள் ஏற்கெனவே நல்லெண்ண நாளாக இருந்ததால் டிசம்பர் 27 விடுமுறையானது. ரக்பி உலகக் கோப்பையை வென்றதற்காக 2023 டிசம்பர் 15 விடுமுறையானது. பொதுத்தேர்தல் நடந்த 2024 மே 29-உம் அவ்வாறே. இவற்றை முன்கூட்டிக் கணிக்க முடியாது. அந்த நாளில் அரசு அலுவலகத்தில் வேலை வைத்துக்கொண்டவர் சங்கடப்படுவார்.

சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் உண்டு. முதலாளியும் தொழிலாளியும் உடன்பட்டால் ஒரு பொதுவிடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். தீபாவளி அந்நாட்டில் பொதுவிடுமுறை அல்ல என்பதால், இந்து ஊழியர்களுக்கு இப்பிரிவு கைகொடுக்கக்கூடியது.

3. விடுப்புக் கணக்கு

வேலை நிபந்தனைகள் குறித்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கு ஆண்டில் தொடர்ச்சியாக 21 நாள் ஊதிய விடுப்பு தருகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் இது 15 வேலைநாள். இந்தப் பதினைந்தை எங்கே செலவிட்டால் அதிக நாள் கிடைக்கும் என்பது அந்நாட்டு அலுவலகங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் ஆராய்ச்சி.

அதில் முதலிடம் ஏப்ரல் 27-க்கும் மே 1-க்கும் இடைப்பட்ட வாரத்துக்கு. இரண்டும் எப்போதும் நான்கு நாள் இடைவெளியில் வருபவை. முன்னது திங்களாகும் ஆண்டில் பின்னது வெள்ளி. நடுவே மூன்று நாள் விடுப்பெடுத்தால் முன்பின் வார இறுதிகளோடு ஒன்பது நாள் ஓய்வு. 2015-லும் 2020-லும் இப்படி அமைந்தது, 2026-லும் அமைகிறது, அடுத்தது 2037-இல்தான். 2020-இல் அமைந்தும் பயனில்லை. பெருந்தொற்றுக் கால முழு ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் குடும்பங்களுக்கு இந்த வாரம் நம் பள்ளிக் கோடை விடுமுறையை ஒட்டி வருகிறது. அங்கே அது இலையுதிர் காலம்; பகல் இதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும்.

ஆனால் எல்லா அலுவலகத்திலும் எல்லாரும் போடுவது இதே கணக்குத்தான். கணக்கு மட்டும் போட்டவர் எல்லாரும் ஒரே சாலையில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

4. திசை

4.1 வீடு வேறிடம், வேலை வேறிடம்

ஜோகன்னஸ்பர்க்கை எழுப்பியது 1886-இல் கண்டுபிடிக்கப்பட்ட தங்கம். சுரங்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது; ஆனால் அந்த ஆள் குடும்பத்தோடு நகரில் தங்குவதை ஆட்சியாளர்கள் விரும்பவில்லை. 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏழு விழுக்காடு அளவையே ஒதுக்கியது. நடமாட்ட அனுமதிச் சட்டங்கள் 1986 வரை நீடித்தன. ஆண்கள் விடுதிக் கொட்டடிகளில் தங்கி உழைத்தார்கள்; மனைவி மக்கள் லிம்போபோ, கிழக்கு கேப், குவாசூலு-நட்டால் சிற்றூர்களிலும், எல்லைக்கு அப்பால் லெசோத்தோ, மொசாம்பிக்கிலும் இருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறைதான் ஊர்ப்பயணம். சட்டங்கள் போய்விட்டன, இரட்டை வீட்டு வாழ்க்கை போகவில்லை. ஜோகன்னஸ்பர்க் அடங்கிய ஹௌட்டெங் மாநிலத்தில் வேலை செய்பவருக்கு ‘ஊர்’ என்பது இன்றும் பெரும்பாலும் வேறிடம். பொங்கலுக்கு முன்தினம் சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

4.2 டிசம்பர்

கட்டுமானத் தொழில் டிசம்பர் நடுவில் நிறுத்தப்பட்டு ஜனவரித் தொடக்கத்தில்தான் மீண்டும் தொடங்கும். தொழிற்சாலைகள் பலவும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. பள்ளி ஆண்டும் முடிந்துவிடுகிறது. எனவே 16-ஆம் தேதி நல்லிணக்க நாளை ஒட்டி ஜோகன்னஸ்பர்க் காலியாகத் தொடங்கும். அலை மூன்று பக்கம் பிரியும். என்1 சாலையில் வடக்கே பொலோக்வானே வழியாக ஜிம்பாப்வே எல்லையான பெய்ட்பிரிட்ஜுக்கு. என்4-இல் கிழக்கே மொசாம்பிக்குக்கு. என்3-இல் தென்கிழக்கே டர்பன் கடற்கரைக்கு. நீண்ட தூர மினிபஸ் டாக்சிகளுக்குப் புறப்படும் நேரம் என்று ஒன்றில்லை, ஆள் நிரம்பினால் வண்டி கிளம்பும். கூரையளவு மூட்டையோடு இழுவைப் பெட்டியும் பின்னால் ஓடும்.

என்3 தனியாகக் கவனிக்க வேண்டிய சாலை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை சுமார் 570 கிலோமீட்டர். டர்பன் துறைமுகத்துச் சரக்கு லாரிகள் எல்லா நாளும் இதில்தான் ஓடுகின்றன. விடுமுறையில் கார்களும் சேர்ந்துகொள்ளும். ஹாரிஸ்மித்தைத் தாண்டி வான் ரீனன் கணவாயில் சாலை சரியும் இடத்தில் ஒரு விபத்து நடந்தால் மாற்றுவழி தேடுவது எளிதன்று. பனியும் வரும். 2024 செப்டம்பரில் மரபு நாளுக்கு முந்தைய வார இறுதியில் கொட்டிய பனியில் இச்சாலை மூடப்பட்டது; வண்டிகள் இரவு முழுவதும் அசையாமல் நின்றன. விடுமுறை தொடங்கும் நாளின் முன்மாலையில் டர்பன் நோக்கி இதில் இறங்குவதைத் தவிர்ப்பதே அறிவு. அதே மாலையில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறுபவருக்குக் கார் நெரிசல் வெகுவாகக் குறைவு. ஜனவரி முதல் வாரத்தில் இது அப்படியே தலைகீழாகும்.

கேப் டவுனுக்கும் டிசம்பர் 16 முதல் ஜனவரி நடு வரை உச்சகாலம். அறை வாடகை பன்மடங்காகும். அங்கே ஜனவரி 2 சட்டப் பட்டியலில் இல்லை, ஆனால் நகரம் அதை விடுமுறையாகவே கொண்டாடுகிறது. அடிமைகளுக்குப் புத்தாண்டின் மறுநாள் ஓய்வு கிடைத்த காலத்திலிருந்து தொடரும் மரபு அது. வண்ண உடைக் குழுக்களின் ஊர்வலத்துக்காக மையச் சாலைகள் அடைக்கப்படுவதுண்டு.

அப்படியானால் காலியான ஜோகன்னஸ்பர்க்கில் தங்கலாமா? போக்குவரத்து நெரிசல் இருக்காது என்பது உண்மை. உணவகங்கள் பாதி மூடியிருக்கும் என்பதும் உண்மை. ஊர் பார்க்க வந்தவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

4.3 ஈஸ்டர்

டிசம்பரில் ஊர் நோக்கிய அலை என்றால், ஈஸ்டரில் கோயில் நோக்கிய அலை. பொலோக்வானேக்குக் கிழக்கே மோரியா என்னும் இடத்தில், எங்கெனாஸ் லெகன்யானே நிறுவிய சயன் கிறிஸ்தவத் திருச்சபையின் தலைமையகம் உள்ளது. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் லட்சக்கணக்கானோர் பேருந்துகளில் அங்கே செல்கிறார்கள். என்1-இன் வடபகுதி அந்த நான்கு நாளும் நிரம்பி வழியும். 2024 மார்ச் 28, பெரிய வியாழனன்று, போட்ஸ்வானாவிலிருந்து மோரியா சென்ற பேருந்து மலைச்சாலைப் பாலத்திலிருந்து விழுந்து 45 பேர் இறந்தார்கள்; எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள். ஈஸ்டரில் க்ரூகர் பூங்காவின் வடவாயில்களுக்கு என்1 வழியே செல்ல நினைப்பவர் புதன்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

டர்பன் பக்கம் இதே நாட்களில் நடப்பது தமிழர் சம்பந்தப்பட்டது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேர் வந்திறங்கிய கரை அது. கரும்புத் தோட்டங்களில் ஈஸ்டருக்குத்தான் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது. அதனால் மாரியம்மன் வழிபாட்டை அந்த நாட்களில் வைத்துக்கொண்டார்கள் என்பர். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியை ஒட்டித் திரளும் கூட்டம் இன்றும் குறையவில்லை. கிறிஸ்தவ நாட்காட்டியை ஒட்டி அம்மன் திருவிழா நடப்பதைப் பார்க்க விரும்பும் தமிழருக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே ஈஸ்டர் நெரிசலைத் தாங்கலாம்.

5. நினைவு நாள் நடந்த இடத்திலேயே

ஆறு அரசியல் விடுமுறைகளில் ஐந்துக்குக் குறிப்பிட்ட இடம் உண்டு. 1960 மார்ச் 21-இல் காவல் துறை சுட்டு 69 பேர் இறந்த ஷார்ப்வில். 1976 ஜூன் 16-இல் மாணவர் எழுந்த சொவெட்டோ, அங்கே ஆர்லாண்டோ வெஸ்டில் ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகம். 1956 ஆகஸ்ட் 9-இல் சுமார் இருபதாயிரம் பெண்கள் அனுமதிச் சட்டத்தை எதிர்த்து நடந்து சேர்ந்த பிரிட்டோரியா யூனியன் கட்டடம். செப்டம்பர் 24 முன்பு குவாசூலு-நட்டாலில் சூலு மன்னர் ஷாகாவை நினைவுகூரும் ஷாகா நாளாக இருந்தது. சூலு மக்களிடையே வலுவான இன்கத்தா கட்சியின் வற்புறுத்தலால் மரபு நாள் என்ற பொதுப் பெயரில் பட்டியலில் நின்றது. க்வாடுகுசாவில் உள்ள ஷாகா நினைவிடத்தில் சூலு மக்கள் கூடுவது தொடர்கிறது. மற்ற ஊர்களில் அன்று வீட்டுக்கு வீடு இறைச்சி சுடும் புகை.

டிசம்பர் 16 இரட்டை நினைவு. 1838-இல் இன்கோமே ஆற்றங்கரையில் போயர்கள் சூலு படையை வென்றதும், 1961-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவு தொடங்கப்பட்டதும் அதே தேதியில். அந்தப் போயர்களை நினைவுகூரும் பிரிட்டோரியாவின் வூர்ட்ரெக்கர் நினைவகத்தில் அன்று நண்பகல் கூரைத் துளை வழியே வரும் வெயில், கீழ்த்தளக் கல்லறைப் பீடத்தின் எழுத்துகள்மேல் விழும்படி கட்டியிருக்கிறார்கள். மற்ற நாளில் போனால் காணக் கிடைக்காது. இத்தகைய நாட்களில் காலையிலேயே போவது நல்லது. அமைச்சர் வருகையும் மேடைப் பேச்சும் உள்ள இடத்தில் வாகனம் நிறுத்த முடியாது.

6. பள்ளியும் பூங்காவும்

முன்பு உள்நாட்டு மாநிலங்களுக்கும் கடலோர மாநிலங்களுக்கும் பள்ளி விடுமுறை சற்று முன்பின்னாக இருந்தது. இப்போது அரசுப் பள்ளிகளுக்கு ஒரே அட்டவணை. கூட்டத்தைப் பிரித்துவைத்த அந்த ஏற்பாடு போனது பயணிக்கு நட்டம்தான்.

க்ரூகர் தேசியப் பூங்காவில் நாட்பயணிகளுக்கு வாயில்தோறும் வரம்பு உண்டு. முன்பதிவில்லாமல் நீண்ட வார இறுதியில் வந்தவரைத் திருப்பி அனுப்புவார்கள். விலங்குகளைப் பார்க்க ஏற்றது ஜூன் முதல் செப்டம்பர் வரையான வறண்ட காலம். புதர் மெலிந்து, விலங்குகள் நீர்நிலைக்கு வரும். ஜூன் 16 அந்தக் காலத் தொடக்கத்தில் வருகிறது. அடுத்துக் குளிர்காலப் பள்ளி விடுமுறை. ஆகஸ்ட் 9 ஒட்டிய நாட்களில் பள்ளி நடக்கும், காடு வறண்டிருக்கும். மகளிர் நாளை ஒட்டிய நீண்ட வார இறுதி நீங்கலாக ஆகஸ்ட் மாதமே என் முதல் தேர்வு. நமாகுவாலாந்தின் காட்டுப்பூக்களும் அப்போதுதான் மலர்கின்றன.

7. 2027

2027-இல் மார்ச் 21 ஞாயிறு. எனவே 22 திங்கள் விடுமுறை. புனித வெள்ளி 26, குடும்ப நாள் 29. இடையே மூன்று நாள் விடுப்பில் 20 முதல் 29 வரை பத்து நாள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். அந்நாட்டுக் குடும்பங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விடப்போவதில்லை. வெளியிலிருந்து செல்பவர் இசிப்பிங்கோ திருவிழாவுக்காக அன்றி இந்தப் பத்து நாளைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. அதற்காகவே செல்வதானால் டர்பனுக்கு விமானத்தில் போய்ச் சேருங்கள், அறையை ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.