பொனட்டிலே ஒரு மூக்கு

2001இல் வந்த ‘த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்’ படத்தைப் பார்க்காத ஆள் எங்கட செட்டில் கிடையாது. அதில டொமினிக் டொரேட்டோவின் கறுப்பு டொட்ஜ் சார்ஜர் 1970ஆம் ஆண்டுக் கார். பொனட்டைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய வாய் வெளியே நிற்கும். எங்களில் ஒருத்தருக்கும் சொந்தமாகக் கார் இல்லை, படிக்கிறதும் கலைப்பீடத்தில். எண்டாலும் அந்த வாயைப் பற்றி ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. உண்மையிலேயே அதுக்குள்ளால காற்றுப் போகுதா, இல்லாட்டி சும்மா ஷோவா?

தேடிப்பார்த்தால், 1960களின் அமெரிக்க இளைஞர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். 

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் பிரிவுகள் எல்லாவற்றையும் கார் பந்தயத்திலிருந்து விலகச் சொன்னது. பந்தயத்தை வைத்தே பெயர் எடுத்த பொன்ரியாக் பிரிவுக்கு அது பெரிய அடி. அங்கே ஜோன் டிலோரியன், பில் கொலின்ஸ், ரஸ் ஜீ என்ற பொறியியலாளர்கள் வேறு வழி தேடினார்கள். நடுத்தர அளவுக் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக்கூடாது என்பது கொம்பனி விதி. அவர்கள் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லீற்றரை, ‘விரும்பினால் வாங்கலாம்’ என்ற மேலதிகப் பொதியாக நுழைத்துவிட்டார்கள். விலை 300 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. இப்படித்தான் 1964இல் ஜிரிஓ பிறந்தது. 5,000 விற்றால் போதும் என்று இருந்தவர்கள் முதல் வருடமே 32,450 விற்றார்கள்.

அந்த முதல் ஜிரிஓவின் பொனட்டில் இரண்டு ஸ்கூப்புகள் இருந்தன. ஸ்கூப் என்றால் பொனட்டின் மேல் மூக்குப் போலப் புடைத்து நிற்கிற காற்று வாய். ஆனால் இரண்டுமே அடைத்தவை, மூச்சு விடாத மூக்குகள். விதியை ஏமாற்றிப் பிறந்த கார், நெற்றியிலும் ஒரு பொய்யை ஒட்டிக்கொண்டுதான் வந்தது. (அந்த வருடம் ஒரு பிரபல கார் சஞ்சிகைக்குச் சோதனை ஓட்டத்துக்குக் கொடுத்த ஜிரிஓவில் 389 இல்லை, அதைவிடப் பெரிய 421 எஞ்சின் இருந்ததை விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸ் வெகுகாலம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.)

எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு காற்று வேணும்? 6.4 லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 தரம் சுற்றினால், கணக்குப்படி 16,000 லீற்றர் காற்றை இழுக்கும். நடைமுறையில் கொஞ்சம் குறையும். பொனட்டுக்குக் கீழே இருக்கிற காற்றோ எஞ்சினின் சூட்டிலேயே வெந்த காற்று. 60 பாகைக் காற்று 30 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 9 வீதம் ஐதானது. காற்று ஐதானால் ஒக்சிசன் குறைவு, அதனால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறைவு. வெளியே சில்லென்று காற்று ஓடும்போது உள்ளே எஞ்சின் தன் வியர்வையையே திரும்பத் திரும்பக் குடிக்கிற மாதிரி.

1965 ஓகஸ்டில் பொன்ரியாக் ஒரு பொதியை விற்பனைக்கு விட்டது. காரோடு வராது, டீலரிடம் போய்க் கேட்டு வாங்கவேணும். அதில ஒரு தகரத் தட்டு, கூடவே ஒரு ஃபோம் விளிம்பு. தட்டு மூன்று காபரேற்றர்களையும் சுற்றி உட்காரும். பொனட்டை மூடினால் ஃபோம் அதன் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கூப்பின் அடைப்பைத் திறந்துவிட்டால், வெளிக்காற்று எஞ்சின் அறைச் சூட்டைத் தொடாமல் நேரே காபரேற்றருக்குள் போகும். ‘ராம் எயார்’ என்ற பெயர் இதிலிருந்துதான் பரவியது. எங்களைக் கேட்டால் முழு மஸில் கார் வரலாற்றிலும் ஆக நேர்மையான கண்டுபிடிப்பு இந்தத் தகரத் தட்டுத்தான். புதுசாக ஒன்றும் செய்யவில்லை, இருந்த பொய்யை உண்மையாக்கியது.

ஆனால் வாய் திறந்தால் மழையும் உள்ளே வரும். அதனால்தான் 1969 ஜிரிஓவில் ராம் எயார் எடுத்தவர்களுக்கு டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் கொடுத்தார்கள். இழுத்தால் ஸ்கூப் கதவு ஒரு பக்கம், தள்ளினால் மற்றப் பக்கம். மழைக்குக் குடை விரிக்கிற மாதிரி ஒரு வேலை.

இந்தப் பெயரிலேயே ஒரு பொய் இருக்கிறது. ‘ராம்’ என்றால் இடித்துத் திணிக்கிறது. கார் ஓடுகிற வேகமே காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் என்பதுதான் விளம்பரம் விற்ற கனவு. நாங்கள் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த ஒரு நண்பனைப் பிடித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அப்படிக் கிடைக்கக்கூடிய அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை வீதம்கூட இல்லை. கால் மைல் பந்தயத்தின் முடிவுக்கோட்டில், மணிக்கு 160 கிலோமீற்றரில், 1.2 வீதம். வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிற சங்கதி என்றபடியால் மணிக்கு 600 கிலோமீற்றர் போகிற போர் விமானத்துக்கு அது 16 வீதமளவில் வரும். விமானத்துக்கு உண்மை, காருக்குப் பெரும்பாலும் கற்பனை. காருக்குக் கிடைத்த லாபம் குளிரிலிருந்து வந்தது. எண்டாலும் ‘குளிர்காற்று’ எண்டு சொல்லி ஆர் கார் விப்பான்? ‘இடி’ எண்டால்தானே இருபது வயசுப் பெடியனுக்கு ஏறும்!

இன்னொரு சங்கதி, வாயை எங்கே வைக்கிறது என்பது. பார்க்க வடிவான இடம் பொனட்டின் நடு. ஆனால் பொனட்டின் மேல் வளைந்து ஓடும்போது காற்று வேகம் பிடிக்கும், அங்கே அழுத்தம் குறையும். தகட்டை ஒட்டி ஓடுகிற படலமோ மந்தமானது. ஆகவே நடுவில் பதிந்து கிடக்கிற ஸ்கூப்புக்கு நல்ல காற்றுக் கிடைக்காது. நல்ல இடம் இரண்டுதான். ஒன்று காரின் முகம், மற்றது முன்கண்ணாடியின் அடி. பந்தயத்துக்கென்று கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1964இல் ஃபோர்ட் ஏறத்தாழ நூறு மட்டும் செய்த தண்டர்போல்ட் காரில் உள்பக்க ஹெட்லைட் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் குழிகளிலிருந்து எஞ்சினுக்குத் தடித்த குழாய் இழுத்தார்கள். 1966 ஓல்ட்ஸ்மொபில் 442இன் டபிள்யூ-30 பொதியில் முன்பம்பர் பக்கத்திலிருந்து குழாய் வந்தது. அதுக்கு இடம் காணாமல் பற்றரியைத் தூக்கி டிக்கிக்குள் வைத்தார்கள். இரண்டிலும் பொனட்டில் மூக்கு வைத்துக் காற்று எடுக்கவில்லை. செவர்லே மற்ற இடத்தைப் பிடித்தது. 1970 செவெல் எஸ்எஸ்ஸில் பொனட்டின் பின்முனையில், கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு சின்னக் கதவு. அக்சலரேற்றரை முழுசாக மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். முன்னுக்கு நின்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

தெரியவேணும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1970 பிளிமத் ரோட் ரன்னரில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச். அமத்தினால் பொனட்டின் நடுவில் ஒரு கதவு எழும்பும், அதன் இரு பக்கமும் சுறாவின் பல் வரைந்திருக்கும். ‘எயார் கிராபர்’ என்று பெயர். சிக்னலில் பக்கத்துக் காரைப் பார்த்துப் பல்லைக் காட்டவே செய்த சாமான். ஃபோர்ட் 1969 மஸ்ராங்கில் ‘ஷேக்கர்’ கொண்டுவந்தது. ஸ்கூப்பைப் பொனட்டில் பூட்டாமல் எஞ்சினின் தலையிலேயே பூட்டி, பொனட்டில் ஓட்டை வெட்டி வெளியே விட்டார்கள். எஞ்சின் உறுமும்போது ஸ்கூப்பும் நடுங்கும். பொய் சொல்ல ஏலாத மூக்கு என்று நினைப்பீர்கள். அதே வருட மாக் 1 மஸ்ராங்கை ஷேக்கர் இல்லாமல் சாதாரண 351 எஞ்சினோடு எடுத்தால் பொனட்டில் இருந்தது வெறும் டம்மி. ஒரே மொடல், ஒரே வருடம். உண்மைக்குத் தனிக் காசு.

காற்றைப் பற்றிக் கதைக்கிறபோது இந்தக் கார்களைச் செய்த இடத்தின் காற்றையும் கதைக்கவேணும். 1970 டொட்ஜ் சலஞ்சருக்கும் பிளிமத் குடாவுக்கும் ஷேக்கர் கிடைத்தது. அவை கட்டப்பட்ட தொழிற்சாலைகளில் முக்கியமானது டெட்ரொய்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் இருந்த ‘டொட்ஜ் மெயின்’. 1968 மே 2ஆம் திகதி அங்கே தொழிலாளர்கள் சங்கத்தின் அனுமதி இல்லாமலே வேலையை நிறுத்தினார்கள். காரணம், அசெம்பிளி வரிசையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது. தண்டனை பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள் மேல் விழுந்தது, ஜெனரல் பேக்கர் போன்றவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதிலிருந்துதான் ‘டிறம்’ என்ற டொட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம் எழுந்தது. சூடும் புகையும் கூடிய பாரமான வேலைகள் கறுப்பினத்தவர் தலையிலே கட்டப்படுவது அவர்களின் முறைப்பாடுகளில் ஒன்று. மஸில் கார் பற்றிய பளபளப் புத்தகங்களில் எஞ்சின் குடித்த காற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு, அந்த ஷெட்டுக்குள் ஆட்கள் குடித்த காற்றுக்கு ஒரு பந்தி கிடைப்பதே அரிது. இது எங்களுக்குச் சின்னக் குறையாகப் படவில்லை.

பிறகு எல்லாம் கெதியில் முடிந்தது. 25 வயசுக்குக் குறைந்த ஆண்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் காரின் தவணைக் காசோடு போட்டிபோடும் அளவுக்கு ஏறியது. 1970 டிசெம்பர் 31ஆம் திகதி நிக்ஸன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1971இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஈயம் குறைந்த பெற்றோலுக்கு ஏற்ப எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. 1973 ஒக்ரோபரில் எண்ணெய்த் தடை. புகையைக் குறைக்கவேண்டி, குளிரில் ஸ்ராட் பண்ணிய எஞ்சினுக்கு எக்ஸோஸ்ற் குழாயைச் சுற்றியிருக்கிற சூட்டுக்காற்றை எடுத்துக்கொடுக்கிற அமைப்பும் பல கார்களில் வழமையாகியது. சூட்டைத் துரத்தப் பத்து வருடம் மினக்கெட்டவர்கள் இப்ப சூட்டை உள்ளே கூப்பிட்டார்கள்.

பொன்ரியாக் ட்ரான்ஸ் ஆமின் ஷேக்கர் பின்பக்கம் பார்த்தபடி, கண்ணாடியடிக் காற்றை இழுத்தது. 1970 முதல் 1972 வரை உண்மையாகவே இழுத்தது, 1973இல் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். 1977இல் ‘ஸ்மோக்கி அண்ட் த பாண்டிட்’ படம் வந்து அந்தக் கறுப்பு ட்ரான்ஸ் ஆமை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியபோது, திரையில் நடுங்கிய அந்த மூக்கு மூச்சு விடவில்லை. வாங்கிய பலர் அரத்தையும் வாளையும் எடுத்துத் தகட்டைத் தாங்களே வெட்டித் திறந்தார்கள்.

எங்கட றோட்டில் ஓடுகிற பஜிரோ, டபுள் கப் பொனட்டுகளில் இருக்கிற மூக்கு வேறை சாதி. அது டேர்போவிலிருந்து வருகிற சூட்டுக்காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலருக்குக் காற்று ஊதுவது, வேலை செய்கிற மூக்குத்தான். கடைகளில் ரேப் போட்டு ஒட்டுகிற பிளாஸ்ரிக் மூக்கு 1964 ஜிரிஓவின் நேரடி வாரிசு.

‘எயார் கிராபர்’ என்ற பெயரும் சாகவில்லை. டொட்ஜ் 2018 சலஞ்சர் டீமனின் பொனட் ஸ்கூப்புக்கு அதையே வைத்தது. அந்தக் காரில் ஓடுபாதைக்கு என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதைப் போட்டால் ஏசியின் குளிர், ஆட்கள் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, எஞ்சினுக்குப் போகிற காற்றை ஆற்றப் போய்விடும். ஓட்டுகிறவர் உள்ளே இருந்து வியர்க்கவேண்டியதுதான்.