தற்காப்புரிமையும் துப்பாக்கியும்: ஆஸ்திரேலியாவின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கை குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

1996ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் ஒருவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் உயிரிழந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைதிகளின் குடியிருப்பாக இருந்து, பின்னர் சுற்றுலாத் தலமாக மாறிய இடம் அது. கொலையாளி துப்பாக்கி உரிமம் பெற்றவன் அல்லன். எனினும், நொடிப்பொழுதில் பல குண்டுகளை உமிழவல்ல அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் அவன் கையில் இருந்தன. அடுத்த பன்னிரண்டு நாட்களுக்குள், மே 10ஆம் நாளன்று, கூட்டரசின் காவல்துறை அமைச்சரும் மாநிலங்களின் காவல்துறை அமைச்சர்களும் கூடித் தேசியத் துப்பாக்கி உடன்படிக்கைக்கு இசைந்தனர்.

இவ்வுடன்படிக்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மீட்கப்பட்ட துப்பாக்கிகளின் எண்ணிக்கையையே முன்னிறுத்துவர். நாம் இங்கு அதன் மற்றொரு கூற்றை ஆராய முற்படுகின்றோம். துப்பாக்கி வைத்திருப்பதற்குத் தனிமனிதப் பாதுகாப்பு ஏற்கத்தக்க காரணமாகாது என்று அவ்வுடன்படிக்கை வரையறுத்தது. இவ்வரையறை எங்கிருந்து வந்தது, அதனை ஏற்றதால் அரசு எத்தகைய பொறுப்பைச் சுமந்தது என்பனவே இக்கட்டுரையின் வினாக்களாகும்.

ஒரே ஊற்று, இரு கிளைகள்

இங்கிலாந்தில் 1689ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உரிமைச் சட்டம், புராட்டஸ்தாந்து சமயத்தார் தத்தம் நிலைக்கேற்பவும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருக்கலாம் என்றது. இதில் உரிமையும் வரம்பும் ஒருங்கே இடம்பெற்றிருத்தல் நோக்கத்தக்கது.

பிற்கால வரலாற்றில் இவ்விரண்டும் பிரிந்து வளர்ந்தன. அமெரிக்காவில் 1791ஆம் ஆண்டின் இரண்டாம் அரசியலமைப்புத் திருத்தம் உரிமையை முன்னிறுத்தியது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. பிரிட்டனிலோ வரம்பே வலுப்பெற்றது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறையின் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. தன்னையோ தன் உடைமையையோ காத்துக்கொள்வதற்கு என்று கூறுவதனாலேயே ஒருவருக்குக் கைத்துப்பாக்கி வழங்கிவிட இயலாது என்று உள்துறை அமைச்சர் 1946ஆம் ஆண்டு அறிவித்தார். ஆஸ்திரேலியா பின்னர் எடுத்த முடிவுக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம்.

உடன்படிக்கைக்கு முன்

ஆஸ்திரேலிய அரசியலமைப்பு, துப்பாக்கி குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கூட்டரசுக்கு நேரடியாக வழங்கவில்லை. இறக்குமதியைக் கட்டுப்படுத்த மட்டுமே அதற்கு இயலும்; ஏனையவை மாநிலங்களின் பொறுப்பு. இதனால் ஒரு மாநிலத்தில் தடைசெய்யப்பட்ட துப்பாக்கி மற்றொன்றில் தாராளமாகக் கிடைத்தது.

1987ஆம் ஆண்டு மெல்பர்ன் நகரில் இரு துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன. ஆகஸ்டு மாதம் ஹோடில் தெருவில் எழுவரும், டிசம்பர் மாதம் குவீன் தெருவில் எண்மரும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் கூட்டப்பட்ட தலைவர்கள் மாநாட்டில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. தாஸ்மானியாவில் ஒரு படுகொலை நிகழ்ந்தாலன்றி இந்நாட்டில் துப்பாக்கிச் சீர்திருத்தம் வாராது என்று நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பாரி அன்ஸ்வர்த் அப்போது கூறினார். தம் மாநிலத்தில் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்க முனைந்த அவர், 1988ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். அவர் கூறியதோ ஒன்பது ஆண்டுகளுக்குள் மெய்யாயிற்று.

உடன்படிக்கையின் கூறுகள்

போர்ட் ஆர்தர் நிகழ்வின்போது ஜான் ஹவார்டு பிரதமர் பொறுப்பேற்று இரண்டு மாதங்கள்கூட நிறைவுறவில்லை. அவரது கூட்டணி, கிராமப்புற வாக்குகளைப் பெரிதும் நம்பியிருந்த கூட்டணியாகும். இருந்தும், மாநிலங்கள் இணங்காவிடில் பொதுவாக்கெடுப்பு நடத்தவும் தயங்கப் போவதில்லை என்று அவர் உணர்த்தினார்.

உடன்படிக்கையின்படி அரைத்தானியங்கி நீள்துப்பாக்கிகளும் பம்ப் வகைச் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளும் பொதுமக்களின் பயன்பாட்டிலிருந்து பெருமளவு விலக்கப்பட்டன. எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவு, வாங்குவதற்கு முன் 28 நாள் காத்திருப்பு, பூட்டிவைக்கும் முறை ஆகியன கட்டாயமாயின. உரிமம் கோருவோர் உண்மையான காரணம் ஒன்றைக் காட்டவேண்டும். வேளாண்மை, கழகம் சார்ந்த விளையாட்டு, நில உடைமையாளரின் இசைவுடன் கூடிய வேட்டை போன்றவை அக்காரணங்களாக ஏற்கப்பட்டன, தற்காப்பு ஏற்கப்படவில்லை.

தனியார் உடைமையை அரசு கையகப்படுத்தும்போது நியாயமான ஈடு வழங்கவேண்டும் என்பது ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 51ஆம் பிரிவில் உள்ள விதி. ஆகவே மருத்துவக் காப்பீட்டு வரி 1996-97 நிதியாண்டிற்கு மட்டும் 1.5 விழுக்காட்டிலிருந்து 1.7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்நிதியைக் கொண்டு ஏறத்தாழ 640,000 துப்பாக்கிகள் மீட்டு அழிக்கப்பட்டன. துப்பாக்கியையே தொட்டறியாதவரும் இதற்காக வரி செலுத்தினர்.

எதிர்ப்பின் குரல்

எதிர்த்தோரை வன்முறை விரும்பிகள் என்று ஒதுக்கிவிடுவது வரலாற்று நேர்மையாகாது. காவல் நிலையத்திலிருந்து நெடுந்தொலைவில் தனித்து வாழ்ந்த பண்ணைக் குடும்பங்கள் எழுப்பிய வினா எளிமையானது: நள்ளிரவில் ஒருவன் கதவை உடைத்தால் எங்களைக் காப்பது யார்? சட்டத்தை மதித்தவரின் துப்பாக்கி பறிக்கப்படுகின்றது, மதியாதவன் அதனை ஒப்படைப்பானா என்றும் அவர்கள் கேட்டனர். 1996 ஜூன் மாதம் விக்டோரியா மாநிலத்தின் சேல் நகரில் துப்பாக்கி உடைமையாளர்களிடையே பேசச் சென்ற பிரதமர், மேலாடைக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். அக்காலத்தின் இறுக்கத்தை அந்நிகழ்வு காட்டுகின்றது. 1998ஆம் ஆண்டு குவீன்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் பாலின் ஹான்சனின் ஒரே நாடு கட்சி 11 இடங்களை வென்றதற்கு இவ்வதிருப்தியும் ஒரு காரணமாயிற்று.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை நாம் தெளிதல் வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை வேறு. அதற்கென முன்கூட்டியே கொலைக்கருவி வைத்திருக்கும் உரிமை வேறு. ஆஸ்திரேலியச் சட்டத்தில் முன்னது 1996க்குப் பின்னும் நிலைத்தே உள்ளது. நமக்குப் பழக்கமான சட்டங்களும் இவ்வாறே அமைந்தவை. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் தண்டனைச் சட்டத்தொகுப்புகளும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. இந்தியாவின் 1860ஆம் ஆண்டுத் தொகுப்பில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் அமைந்த தற்காப்புரிமை, ஏனைய இரு நாடுகளின் தொகுப்புகளிலும் அதே எண்களில் இடம்பெற்றது. ஆயினும் அவ்வுரிமையைக் காட்டி எவரும் இந்நாடுகளில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது.

விளைவுகளும் வரம்புகளும்

சைமன் சாப்மனும் அவர்தம் குழுவினரும் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இறந்த துப்பாக்கிச் சூடுகள் 1979 முதல் போர்ட் ஆர்தர் வரை 13 நிகழ்ந்தன. அதன்பின் 2016 மே வரை ஒன்றுகூட நிகழவில்லை. எனினும், துப்பாக்கி சாராத இறப்புகளும் அதே காலத்தில் குறைந்தமையால், ஒட்டுமொத்தக் குறைவு முழுவதையும் சட்டத்தின் விளைவு என்று கொள்ள இயலாது என அவ்வாய்வாளர்களே ஒப்புக்கொண்டனர்.

உடன்படிக்கையால் அனைத்தும் தீர்ந்துவிடவில்லை. 2002ஆம் ஆண்டு மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளால் இரு மாணவர்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் கைத்துப்பாக்கி விதிகள் கடுமையாயின. 2025 டிசம்பர் 14ஆம் நாள் சிட்னி போண்டாய் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேர் கொல்லப்பட்டனர். தாக்கிய இருவரில் ஒருவர் முறையாக உரிமம் பெற்றவர். ஒருவருக்கு எத்தனை துப்பாக்கிகள், உரிமம் எத்தனை காலத்திற்கு என்னும் வினாக்கள் மீண்டும் எழுந்தன. அதே நாளில் ஆயுதம் எதுவுமின்றிப் பாய்ந்து, தாக்கியவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்த ஒரு பொதுமகனையும் உலகம் கண்டது. அவருடைய துணிவு போற்றுதற்குரியது. ஆனால் குடிமக்களின் உயிர் அத்தகைய துணிவை நம்பியிருக்கும் நிலை ஏற்பட்டது, அரசு எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றாகும்.

முடிவுரை

1996ஆம் ஆண்டு உடன்படிக்கை தற்காப்புரிமையை அழிக்கவில்லை. அதனைத் துப்பாக்கியிலிருந்து பிரித்தது. அவ்வாறு பிரித்தபோது, குடிமகன் கையிலிருந்த காவற்கடமையின் ஒரு பகுதியை அரசு தன் கையில் வாங்கிக்கொண்டது. ஆகவே அவ்வுடன்படிக்கையை அரசு குடிமக்களிடம் பெற்ற கடன் எனக் கருதுகின்றோம். துப்பாக்கிக்குரிய விலையை அரசு ஓராண்டு வரியால் கொடுத்துத் தீர்த்தது. காவலுக்குரிய கடனோ அவ்வாறு தீர்வதன்று. உரிமம் வழங்குமுன் செய்யும் விசாரணையிலும், வழங்கியபின் தொடரும் கண்காணிப்பிலும், தொலைவிலுள்ள பண்ணை வீட்டிற்கும் அச்சத்தில் வாழும் சிறுபான்மையினரின் வழிபாட்டிடத்திற்கும் உரிய நேரத்தில் சென்றுசேரும் காவலிலும் அக்கடன் நாள்தோறும் செலுத்தப்பட வேண்டியதாகும். அது செலுத்தப்படாத இடத்தில், பண்ணைக் குடும்பங்கள் அன்று எழுப்பிய வினா மீண்டும் எழும். அவ்வேளையில் அதற்கு விடையளிக்கச் சட்டநூல் மட்டும் போதாது.