கூட்டமும் அனுமதியும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் சங்கத்தின் ஆண்டு விழா ஒவ்வொன்றும் ஒரு விண்ணப்பத்தில்தான் தொடங்கியிருக்கிறது. பந்தற்கால் நடுவதற்கு முன்பே காவல் நிலையத்திற்கு ஒரு மனு, ஒலிபெருக்கிக்கு ஒரு மனு, இடம் ஊராட்சிக்கு உரியதாயின் அதற்கும் ஒரு மனு. ஒரே மாலையில் முடிந்துவிடும் பரிசளிப்பு விழாவிற்கு இத்தனை தாள்களா என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். சலிப்பு நியாயமானதே. ஆயினும், அத்தாள்களுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு. நம் மக்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதற்கே பட்ட பாட்டின் வரலாறு அது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கூட்டமும் ஊர்வலமும் காவல் துறையின் பொறுப்பில் வந்தன. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, அமைதி குலையும் என்று அஞ்சும் இடத்தில், கூட்டம் கூட்டுவோர் உரிமம் பெற வேண்டும் என்று அறிவிக்க அதிகாரிகளுக்கு இடம் தந்தது. சென்னை மாநகருக்கு 1888இல் தனிச் சட்டம் பிறந்தது. அதன் 41ஆம் பிரிவின்படி காவல் ஆணையர் பிறப்பிக்கும் தடை ஒரு முறைக்குப் பதினைந்து நாள்களே செல்லும். ஆனால் பதினைந்து நாள் முடிந்ததும் மறுபடியும் புதிய உத்தரவு வரும். அவ்வாறே அது ஆண்டு முழுவதும் நீளும். இதில் நம் இளைஞர் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. 30ஆம் பிரிவின்கீழ்க் கேட்கும் உரிமத்திற்குக் கட்டணம் ஏதும் வாங்கலாகாது என்று அச்சட்டமே சொல்கிறது.

சட்டத்தைவிட வலிமை வாய்ந்ததாய் இருந்தது ‘மாமூல்’ என்னும் ஒரு சொல். ஒரு தெரு வழியே இதற்குமுன் ஊர்வலம் போனதுண்டா, மேளம் அடித்ததுண்டா என்பதே அதிகாரிகள் முதலில் கேட்ட கேள்வி. போனதில்லை என்றால், புதிய வழக்கம் புகுத்தினால் கலகம் வரும் என்று மறுத்துவிடுவது எளிது. நடக்கவே விடாத தெருவில் ஊர்வலம் போன மாமூல் நமக்கு எங்கிருந்து வரும்? பொதுத்தெருவில் முறைப்படி ஊர்வலம் செல்வது எல்லோர்க்கும் உரியது என்று உயர்நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே சொல்லத் தொடங்கிவிட்டன. எனினும், பொதுச்சாலை, பொதுக்கிணறு ஆகியவற்றை எல்லா வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. காகிதத்தில் கிடைத்த அந்தத் தெரு காலுக்குக் கிடைக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அவரவர் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இடமே கிடையாது என்றால் என்ன செய்வது? கொச்சி நாட்டுப் புலையர் 1913இல் அதற்கு ஒரு விடை கண்டார்கள். மன்னரின் மண்ணில் அவர்கள் கூடலாகாது என்றிருந்த நிலையில், எறணாகுளத்தை அடுத்த காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பலகை பரப்பி, நீரின் மேல் மாநாடு நடத்தினார்கள். பண்டிட் கருப்பனும் கிருஷ்ணாதியும் முன்னின்ற அந்த மாநாடு இன்றும் ‘காயல் சம்மேளனம்’ என்றே வழங்கப்படுகிறது. தண்ணீருக்கு யாரிடம் அனுமதி கேட்பது? மன்னரின் ஆணை மண்ணைப் பற்றியதுதானே!

திருவிதாங்கூரில் அய்யன்காளி கண்ட வழி வேறு. 1915 அக்டோபரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கலவரம் மூண்டு, குடிசைகள் எரிந்து, மக்கள் சிதறி ஓடினர். புலையர் பெண்கள் மார்பில் கல்மாலை அணிய வேண்டும் என்னும் இழிவை அவர்கள் மறுத்ததே அதன் வேர். அய்யன்காளி அந்த நேரத்தில் ஒளிந்து கூட்டம் நடத்தவில்லை. அரசின் இசைவைப் பெற்று, கொல்லம் நகரின் திடலிலேயே கூட்டம் கூட்டினார். அதே ஆண்டு டிசம்பரில், ஒரு சர்க்கஸ் கம்பெனியின் கூடாரத்தில், சங்கனாச்சேரி பரமேசுவரன் பிள்ளை தலைமையில் அக்கூட்டம் நடந்தது. மேடையிலிருந்து அய்யன்காளி சொன்னதும் பெண்கள் கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள்; மாலைகள் குவியலாகக் கிடந்தன. சில மணி நேரத்திற்கென வாய்த்த ஒரு கூடாரம்தான் அது. பரம்பரையாகக் கழுத்தில் கிடந்த கல் அங்கே இறங்கியது.

மகாத் நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். பொதுக்குளங்களைத் திறந்துவிடும்படி பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாத் நகராட்சி அதை ஏற்றும் விட்டது. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்து நீரைப் பருகினர், உடனே தாக்கப்பட்டனர். டிசம்பரில் இரண்டாம் மாநாடு கூட்ட முயன்றபோது, பந்தல் போட ஒருவரும் நிலம் தரவில்லை. ஃபத்தேகான் என்னும் முஸ்லிம் பெருமகன் ஒருவரே தம் நிலத்தைக் கொடுத்து உதவினார். உள்ளூர்க் கடைகள் பண்டம் விற்க மறுத்தமையால் உணவுப் பொருள்கள் வெளியூரிலிருந்து வந்தன. பேருந்துக்காரர்கள் ஏற்ற மறுத்தமையால் அம்பேத்கர் கப்பலேறித் தாசகாவில் இறங்கினார். அதற்குள் எதிர்த்தரப்பார் குளத்தில் இறங்காதவாறு நீதிமன்றத் தடையும் பெற்றுவிட்டார்கள். டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. மறுநாள் மாவட்ட ஆட்சியரே பந்தலுக்கு வந்து, தடையை மீற வேண்டா என்று மக்களிடம் பேசினார். வந்திருந்தோரில் பெரும்பாலோர் சிறை செல்லவும் துணிந்து நின்றனர். அம்பேத்கர் அவர்களை அமர்த்தி, சத்தியாக்கிரகத்தை ஒத்திவைத்தார். நீரைத் தொடாமல் ஊர்வலம் மட்டும் சென்று திரும்பினார்கள். அந்த வழக்கு 1937 மார்ச் 17 அன்றுதான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாய் முடிந்தது. இப்பின்வாங்கலைக் கோழைத்தனம் என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு குளத்து நீருக்காகப் பத்து ஆண்டுகள் வழக்காடியவரை வேறு எப்பெயரிட்டும் அழைக்கலாம்.

1950இல் அரசமைப்புச் சட்டம் வந்தபின், ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது 19ஆம் பிரிவின்படி அடிப்படை உரிமையாயிற்று. அகமதாபாத்துத் தெருவில் கூட்டம் நடத்த மறுக்கப்பட்டதால் எழுந்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1972இல் ஒரு தெளிவைத் தந்தது. காவல் துறை ஒழுங்குபடுத்தலாம். வரைமுறையின்றித் தன் விருப்பம்போல் மறுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக மாறியபோது, ஊர்வலம் நடத்துவதைத் தடுப்பதும் குற்றமாயிற்று. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் திருமண ஊர்வலத்தையும், அதில் குதிரை ஏறிச் செல்வதையும் பெயர் சொல்லியே காத்தது.

நாடகத்தின் கதை தனி. 1876இல் வெள்ளையர் கொண்டுவந்த தடைச்சட்டம் போதாதென்று, 1954இல் நம் மாநிலமும் ஒன்றை இயற்றியது. நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. நம் சிறுவர்கள் நடிக்கும் அரைமணி நேர நாடகத்திற்குப் பிரதி எங்கே என்று கேட்டால், இத்தீர்ப்பை நினைவூட்டலாம். ஒலிபெருக்கி மட்டும் வேறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அதற்கு எழுத்து மூலமான அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிக்கலாகாது. பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள் என்பதால், இவ்விதியோடு நமக்குப் பிணக்கில்லை.

நமக்கும் ஒரு பட்டறிவு உண்டு. ஓர் ஆண்டு விழாவிற்கு அனுமதி கேட்டபோது, ஊர்வலம் ஊர்த்தெருவைத் தவிர்த்துச் செல்ல வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதை எழுதித் தருமாறு நம் செயலாளர் அமைதியாகக் கேட்டார். எழுதித் தர ஒருவரும் முன்வரவில்லை. மாலை வரை அங்கேயே பெஞ்சில் அமர்ந்திருந்தோம். விளக்கு வைக்கும் வேளையில், நாம் கேட்ட வழியையே குறித்து அனுமதித் தாள் வந்தது. அன்று முதல், விண்ணப்பம் ஒவ்வொன்றிற்கும் இரு படிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் நாளும் வாங்கி வைப்பது நம் வழக்கமாயிற்று. அந்தக் கோப்பு இப்போது சங்க நூலகத்தின் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. அடுத்த விழாவிற்கு மனு எழுத இருக்கும் இளைஞர்கள் நூலகரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.