அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சிதம்பரம் வட்டாரமும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடலூர் மாவட்டம் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் 1929 முதல் இயங்கிவருகிறது. கோயிலையும் நெல் வயல்களையும் நம்பியிருந்த வட்டாரத்தில் எழுந்த இது, சுற்றுப்புற மக்களின் படிப்பு, வேலை, மருத்துவம், கடல் தொழில் என எல்லாவற்றோடும் பின்னிப் பிணைந்தது.

இதன் வேர் 1920-இல் செட்டிநாட்டரசர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி. பின்னர் அமைந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு உ. வே. சாமிநாதையர் முதல்வராக இருந்தார். இக்கல்லூரிகளை ஒன்றாக்கி, மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் உருவானது. இடம் தேவாரப் பாடல் பெற்ற திருவேட்களம். பல்கலைக்கழகம் வந்தபின் விடுதிகளும் ஆசிரியர் குடியிருப்புகளுமாக ஒரு தனி ஊரே எழுந்தது. இன்று அது ஒரு பேரூராட்சி. மெட்ராஸ் போன்ற பெருநகரத்தை விட்டு, காவிரிப் படுகையின் கடைக்கோடியில் உயர்கல்வியைக் கொண்டுவந்து வைத்ததே நிறுவனர் செய்தவற்றுள் தலையாயது.

முதல் இருபது ஆண்டுகளில் அதன் வலிமை தமிழிலும் இசையிலும் இருந்தது. ஈழத்து விபுலானந்த அடிகள் இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின் சோமசுந்தர பாரதியார் வந்தார். 1941-இல் முதல் தமிழிசை மாநாடு இங்கேதான் கூடியது. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறக்க அதுவே வழி வகுத்தது.

வட்டாரத்தோடு பல்கலைக்கழகம் மிக நெருங்கிய இடம் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகத்தில் அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கடலேறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் நெடுந்தூரம் ஏறும். மழைக்காலத்தில் வெள்ளம் அதைத் தள்ளிவிடும். நீரின் உப்பு மாறமாற மீன், இறால், நண்டுகளின் வரத்தும் மாறும். மீனவர்கள் தலைமுறைகளாக அறிந்த இந்தப் போக்கை இங்குள்ள ஆய்வாளர்கள் பருவம் தவறாமல் அளந்து பதிந்தார்கள். தெற்கே பிச்சாவரத்தின் சுரபுன்னை, அலையாத்தி மரங்களும் அவர்களுடைய ஆய்வுக்களமே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இப்பகுதியின் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு பரந்திருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். அதே தரவுகளை வேறு அறிஞர்கள் மறுபடி அலசி, ஊரின் மேட்டுநிலையும் கடலிலிருந்து அது இருக்கும் தொலைவுமே பெரும் காரணம் என்று மறுத்தார்கள். ஆனாலும் உயிர் இழந்த ஊர்களின் கேள்வியை உடனே கையில் எடுத்தது பக்கத்திலிருந்த பல்கலைக்கழகம் என்பது சிறிய செய்தியல்ல.

1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி, கல்லூரி வாசல் மிதிக்க வாய்ப்பில்லாத வேலைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் பட்டம் தந்தது. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்ததும், சுற்றுக் கிராமங்களின் நோயாளிகள் தொலைதூர நகரங்களை நாட வேண்டிய தேவை குறைந்தது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. சிதம்பரத்தில் பெரிய ஆலைகள் இல்லாததால் பல்கலைக்கழகமே வட்டாரத்தின் பெரிய வேலைதரும் இடமாயிற்று. ஊழியர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. சம்பளச் சுமை தாங்காமல் நிதி நெருக்கடி முற்ற, 2013-இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. மிகுதி எனக் கணக்கிடப்பட்ட பலர் வேறு அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மாற்றப்பட்டார்கள். சம்பளத் தேதியை நம்பியிருந்த கடைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் அந்த ஆண்டுகளின் அடியை நேரடியாக உணர்ந்தார்கள். ஒரே நிறுவனத்தை நம்பிய ஊருக்கு வேலை தருவதும் ஆபத்தைத் தருவதும் அந்த ஒன்றேதான்.

கட்டணத்தைக் குறைக்கக் கோரி மருத்துவ மாணவர்கள் நீண்ட நாள் போராடினார்கள். 2021-இல் மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. அதே ஆண்டு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் அதிகாரமும் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. தங்கிப் படிக்கும் ஒற்றை வளாகமாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு, நான்கு மாவட்டக் கல்லூரிகளின் பாடத்திட்டமும் தேர்வும் இப்போது பொறுப்பாகியிருக்கின்றன.