மருத்துவரின் கூலியும் வீட்டாரின் கையிலிருந்த சீட்டும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில்தான் சிகிச்சைக்கு எவ்வளவு என்று அறிகிறோம். அதற்குள் பேரம் பேசவோ வேறிடம் செல்லவோ வழியில்லை. நம் முன்னோர் இவ்விஷயத்தை வேறு விதமாகக் கையாண்டுள்ளனர்.

அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. விருந்தளிக்க மறுத்த ஓர் அரபுக் குலத்தின் தலைவரை விஷ ஜந்து தீண்டியது. குலத்தார் ஸஹாபாக்களை நாடி வந்தனர். ஆட்டு மந்தையொன்றைக் கூலியாகப் பேசி முடித்த பின்னரே அல்ஃபாத்திஹா ஓதப்பட்டது, தலைவர் குணமடைந்தார். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்று, தமக்கும் ஒரு பங்கு கேட்டார்கள். குணமானால் இன்ன கூலி என்னும் 'ஜுஆலா' ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் கொண்டனர்.

12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து அஷ்ஷைஸரீ, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். எடைக்கல், ரொட்டி, கலப்பட மருந்து ஆகியவற்றோடு மருத்துவருக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளி சொன்னதையும் தாம் விதித்த மருந்தையும் மருத்துவர் எழுதி, சாட்சிகள் முன்னிலையில் வீட்டாரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மறுநாள் வந்தால் மறுபடியும் ஒரு சீட்டு. (இன்று கோப்பைக் கேட்டாலே நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.) நோயாளி குணமடைந்தால் மருத்துவர் கூலி பெறுவார். இறந்துவிட்டால், வீட்டார் அச்சீட்டுகளைத் தலைமை மருத்துவரிடம் காட்டுவர். தவறு மருத்துவருடையது என அவர் கண்டால், வீட்டார் அம்மருத்துவரிடமிருந்து 'தியத்' எனும் உயிரீட்டுத் தொகையைப் பெறுவர்.