நிறுத்த எடையும் வீட்டின் முடிவும்: குடும்பநலப் பணிகளில் தரவும் மதிப்பீடும்

குடும்பங்களுக்கென்று இயங்கும் அமைப்புகளின் பதிவேடுகளில் பெரும்பாலும் குடும்பம் இருப்பதில்லை. குழந்தையின் எடை இருக்கும், கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் அளவு இருக்கும், வழங்கிய சத்துமாவின் கணக்கு இருக்கும். அந்தக் குழந்தைக்கு யார் சோறூட்டுகிறார், சந்தைக்கு யார் போகிறார், வீட்டிலிருக்கும் ஒரே முட்டை யார் தட்டுக்குப் போகிறது என்பதற்கு அவற்றில் கட்டமே கிடையாது. அளக்கப்படுவது ஓர் ஆளின் உடல். அந்த அளவை மாற்றும் முடிவோ பலர் கூடிய ஒரு வீட்டில் எடுக்கப்படுகிறது. இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாத தரவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், திட்டம் ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்பதைச் சொல்லாது. தமிழ்நாட்டில் பிறந்து வங்கதேசத்துக்குப் போன ஓர் ஊட்டச்சத்துத் திட்டத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடிழுப்பது அதன் அடிப்படை வேலை. எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு என்பது அதன் வழியல்ல. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கும், எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைகளுக்கும் மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, தேறிவிட்டால் நிறுத்தம், தாய்மாருக்கு இடைவிடாத ஆலோசனை. இங்கே கவனிக்க வேண்டியது, எண் பயன்பட்ட விதம். நிறுத்த பணியாளரே அன்றைக்கே அந்த எண்ணைக் கொண்டு முடிவெடுத்தார். அருகில் நின்ற தாய் அட்டையைப் பார்த்தார். மேலிடத்துக்கு அறிக்கை போனது அதற்குப் பிறகுதான். திட்டப் பகுதிகளில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. 1982 ஜூலையில் வந்த சத்துணவுத் திட்டமும் அதே ஊர்களில் அதே காலத்தில் நடந்ததால், எது எதன் பயன் என்று பிரிப்பது எளிதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வெற்றியை முன்மாதிரியாகக் கொண்டு 1995இல் வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. அதே எடை பார்த்தல், அதே தெரிவுமுறை, அதே ஆலோசனை. பலன் மட்டும் எதிர்பார்த்தபடி இல்லை. திட்டப் பகுதிக்கும் பிற பகுதிக்கும் குழந்தைகளின் ஊட்டநிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பின் பிரிட்டன் கிளை 2003இல் எழுதியது. உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போய், திட்டத்தின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதித்தது. தாய்மாரின் அறிவு கூடியிருந்தது. நடைமுறை அந்த அளவுக்கு மாறவில்லை. வங்கதேசக் கிராமங்களில் சந்தைக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக்குடும்பத்தில் அடுப்படியும் பங்கீடும் மாமியாரின் கையில். ஆலோசனை சென்று சேர்ந்ததோ மருமகளிடம்! வீட்டுக்குக் கிடைத்த கூடுதல் உணவு குழந்தையின் வழக்கமான உணவுக்கு மேலாகச் சேராமல், அதற்கு மாற்றாகிவிடும் வாய்ப்பும் இருந்தது. நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012இல் எழுதிய நூலில் இந்த நிகழ்வையே எடுத்துக்கொண்டு, ஓரிடத்தில் பலித்தது என்ற சான்று இன்னோரிடத்தில் பலிக்கும் என்பதற்குச் சான்றாகாது என்று வாதிட்டனர். என் கருத்தில் இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. வங்கதேசத்தின் மாதாந்தர எடைப் பதிவுகள் எத்தனை ஆண்டு குவிந்தாலும் மாமியார் அவற்றில் தென்பட்டிருக்க மாட்டார். வேறு கேள்வியோடு போன மதிப்பீட்டாளர்தான் அவரைக் கண்டார்.

குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனை ஒன்றை முறையாக நடத்தியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். அரைப்பங்கு சரி. சத்துணவின் பயனையும் எடைத் திட்டத்தின் பயனையும் பிரித்துக் காட்ட அது உதவியிருக்கும். ஆனால் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் தாய் தானே கடைக்குப் போய் வாங்கிவரக்கூடியவர் என்ற நிலை, சோதனைக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பொதுவானது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை ஒப்பீடு வெளிக்காட்டாது. திட்டத்தைத் தாங்கி நிற்பது அதுதான் என்பதை அறிய வீட்டுக்குள் விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2018இல் தொடங்கிய போஷண் அபியான் என்ற தேசிய ஊட்டச்சத்துத் திட்டத்தின் கீழ், 2021 முதல் நாடெங்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடையைப் போஷண் டிராக்கர் செயலியில் பதிவேற்றுகிறார்கள். ஓர் ஆண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் மாதத்தில் 7.8 கிலோ, பத்தில் 7.8, பதினொன்றில் 7.8, பன்னிரண்டிலும் 7.8. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகோலின்படி, ஒரு வயது ஆண் குழந்தை எடைக்குறைவு வகைக்குள் வருவதற்கான எல்லை 7.7 கிலோ. ஆகவே நான்கு மாதமும் இக்குழந்தை ‘இயல்பு’. மாவட்ட விழுக்காட்டில் இவனால் எந்த அசைவும் இராது. அட்டையிலோ கோடு மூன்று மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. 1980களின் பணியாளர் இவனைக் கூடுதல் உணவுக்குத் தெரிவு செய்திருப்பார். வகைகளை எண்ணுவதற்கும் ஒரு குழந்தையைத் தொடர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. செயலியில் நான்கு எண்களும் இருக்கின்றன. அவற்றைப் படித்து அந்த வீட்டுக்குப் போக வேண்டிய கடமை யாருக்கு என்பதில்தான் குறை. வீட்டுக்கு வழங்கும் உணவுக்கு அண்மையில் வந்த முகஅடையாளச் சரிபார்ப்பும் இதே வகை. பொட்டலத்தை யார் வாங்கினார் என்பதை அது உறுதி செய்யும். யார் சாப்பிட்டார் என்று அதற்குத் தெரியாது.

கோடிக்கணக்கான குழந்தைகளைக் கவனிக்கும் அரசுக்குச் சீரான எண்கள்தானே வேண்டும், வீட்டுக் கதைகளைக் கூட்டிப் பார்க்க முடியுமா என்பது நியாயமான ஆட்சேபம். நிதி ஒதுக்கவும், பின்தங்கிய வட்டாரத்தைக் கண்டறியவும் விழுக்காடு வேண்டும்தான். ஆனால் அதே எண்ணைக் கொண்டு பணியாளரை எடைபோடத் தொடங்கினால் எண் கெடும். ஒரு குறியீட்டை முடிவுகளுக்கு எவ்வளவு பயன்படுத்துகிறோமோ அவ்வளவுக்கு அதைத் திரிக்கும் அழுத்தமும் கூடும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1976இலேயே எச்சரித்தார். எடைக்குறைவுக் குழந்தைகள் அதிகம் என்று கண்டிக்கப்படும் பணியாளர் அடுத்த மாதம் என்ன எழுதுவார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. மாவட்ட நிலையை அறியத் தனியாகக் கூறெடுத்துச் செய்யும் ஆய்வு போதும். அங்கன்வாடி மையத்தின் எடைப்பதிவு அந்த மையத்துக்கும் வீட்டுக்கும் பயன்படட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வீட்டில் யாருக்கு அதிகாரம், யார் யாருக்குச் சோறு மறுக்கிறார் என்றெல்லாம் ஓர் அரசு நிறுவனம் குறித்து வைத்துக்கொள்வது ஏழைக் குடும்பங்களை வேவு பார்ப்பதாகாதா? ஆகும், அது செயலியில் ஏறினால். அறியப்படுவதெல்லாம் மேலே அனுப்பப்பட வேண்டும் என்ற பழக்கத்தைக் கைவிட்டால் இந்த ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். எடை நின்ற குழந்தையின் வீட்டில் பாட்டியிடமும் பேச வேண்டும் என்பது பணியாளருக்குத் தெரிந்தால் போதும். அவரது மேற்பார்வையாளரிடம் மாதக் கூட்டத்தில் பேச வேண்டியது எத்தனை வீடுகளுக்குப் போனார், எந்த வகைத் தடை திரும்பத் திரும்ப வருகிறது என்பது மட்டுமே, பெயர்கள் வேண்டாம். இதற்கான நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் விடை பதிவேடுகளிலேயே இருக்கிறது. ஒரே தகவலைத் தாளிலும் செயலியிலும் இருமுறை எழுதும் மையங்களில், எந்த முடிவுக்கும் பயன்படாத கட்டங்களை நீக்கினால், மாதத்தில் சில வீடுகளுக்குப் போய்வரும் பொழுது கிடைக்கும். எந்தக் கட்டத்தை நீக்கலாம் என்று முடிவு செய்யும் கூட்டத்தில், அதை நிரப்பும் பணியாளர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.