கவலையிலிருந்து சோலார் வரை



நேற்று நம் தோட்டத்தில் சோலார் மோட்டார் ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா கவலை ஓட்டியவர். இரண்டு எருது, சால், தோல் தும்பி, வடக்கயிறு. 1932-லேயே பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியும், நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. வந்ததும் கட்டணச் சண்டை. 1970-ல் பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர் போனது. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையை அடைத்து நின்றன. அப்பாவின் வண்டியும் அதில் ஒன்று; கவலை இழுத்த அதே எருதுகள்தான்!

பிறகு கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஆனால் மும்முனை கரண்ட் சில நேரம் ராத்திரியில்தான் வந்தது. அப்படி ஒரு ராத்திரி மோட்டார் போடப் போன அப்பாவைப் பாம்பு கடித்தது. பிழைத்துக்கொண்டார். இடது கால் மட்டும் பழையபடி ஆகவே இல்லை.

சோலார் பகலில்தான் ஓடும். என் மகன் இருட்டில் வரப்பில் நடக்க வேண்டாம். அதற்காகவே மானியத்துக்கு எழுதிப் போட்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். இதற்குக் களைப்பே கிடையாது. சொட்டுநீர் போட்டு, மதியம் இரண்டு மணிக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கேட்பானா, பார்ப்போம்.